ஐந்து நிமிடச் சூளை: எஸ்.பி.எஸ் மெஷினோடு நான்கு வருடம்

கிண்டிப் பக்கம் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங் (எஸ்.பி.எஸ்) மெஷின், அதாவது பீங்கான் தூளை அழுத்திச் சூடாக்கிக் கெட்டியான வில்லையாக்கும் மெஷின், வந்து நான்கு வருடம் ஆகிறது. வாங்கலாமா என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள்.

வேகம் உண்மைதான். சாதாரண ஃபர்னஸில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) தூளை 1500 டிகிரிக்கு மேல் ஏற்றினால், மறுநாள் காலையில்தான் கதவைத் திறப்போம். இதில் கிராஃபைட் டைக்குள் (அச்சுக்குள்) தூளைப் போட்டு, பன்ச் என்ற தண்டால் அழுத்திக்கொண்டே மின்சாரத்தை டை வழியாகவே பாய்ச்சுகிறோம். நிமிடத்துக்கு 100 டிகிரி ஏறும். 1250 பக்கம் ஐந்து நிமிடம் நிறுத்தினால் கன சென்டிமீட்டருக்கு 3.94 கிராம் அடர்த்தி கிடைக்கிறது. முழு அடர்த்தியே 3.98தான். துகள்கள் பெருத்துவிட நேரமே கிடைப்பதில்லை என்பதுதான் பெரிய லாபம். (பெயரில் இருக்கும் பிளாஸ்மா உள்ளே நிஜமாகவே உண்டாகிறதா என்ற சண்டை இன்னும் தீரவில்லை.)

ஆனால் ஐந்து நிமிடம் என்பது கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் மாதிரி. டைக்குள் கிராஃபைட் ஃபாயிலை வெட்டிச் சுற்றணும், வேக்யூம் எடுக்கணும், ஆறவிடணும், ஒட்டிய ஃபாயிலை பிளேடால் சுரண்டணும். நாளுக்கு நான்கு வில்லை எடுத்தால் நல்ல நாள். வெள்ளையாக இருக்க வேண்டிய ஜிர்கோனியா (இன்னொரு பீங்கான்) வில்லை கன்னங்கரேலென்று வரும். முதல் தடவை பார்த்தபோது கெட்டுப்போச்சு என்றே நினைத்தேன். காற்றில் 900 டிகிரியில் வைத்தால் விளிம்பிலிருந்து உள்நோக்கி மெல்ல வெளுக்கிறது.

ஒரு தப்பு நான் செய்தது. 20 மில்லிமீட்டர் டைக்குப் போட்டிருந்த 16 கிலோநியூட்டன் விசையை மாற்றாமல் 10 மில்லிமீட்டர் டையை வைத்துவிட்டேன். விட்டம் பாதியானால் அழுத்தம் நான்கு மடங்கு: 50 மெகாபாஸ்கல் 200 ஆகிவிட்டது. 'டப்' என்று ஒரு சத்தம், திறந்தால் கரித்துண்டுகள். அன்றிலிருந்து விசையை முதலில் பேப்பரில் கணக்குப் போட்டுத்தான் பட்டனில் கை வைக்கிறேன்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் மெஷினைக் குளிர்விக்கும் சில்லர் டிரிப் ஆனால் மெஷினும் நின்றுவிடும். மே மாதம் காலை ஏழு மணிக்கே ஓட்டத் தொடங்கிவிடுவோம். மழைக்காலத்தில் தூளை ஓவனில் உலர்த்தாமல் போடாதீர்கள்.

போன வாரம் பல் லேப் வைத்திருக்கும் ஒருவர், "கேப் செய்ய இது சரிப்படுமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். இதில் வருவது வில்லைதான். பல் வடிவம் வராது. அவருக்கு 1500 டிகிரி போகும் சாதாரண ஃபர்னஸே போதும்.