வண்டியைக் கண்டால் பாய்ந்த பொன்னி: 16 மாத அனுபவம்

பொன்னி சிப்பிப்பாறை நாய், செவலை நிறம். கோவில்பட்டிப் பக்கம் சித்தப்பா தோட்டத்தில் பிறந்து எட்டு மாதம் வரை அங்கேயே ஓடித் திரிந்தவள். அதுவரை அவள் பார்த்த வண்டி ஒரு டிராக்டர்தான். அங்கிருந்து மதுரை கே.கே.நகருக்குக் கூட்டிவந்தேன். ஷேர் ஆட்டோ, மினி பஸ், தண்ணீர் லாரி என்று ஓயாத தெரு. முதல் வாரமே ஒரு ஷேர் ஆட்டோ மேல் பாய்ந்தாள். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்திருந்ததால் என்னால் விடவும் முடியவில்லை. குப்புற விழுந்ததில் இரண்டு முழங்கையும் தேய்ந்து போயின. தயவுசெய்து யாரும் கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள்.

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி விரட்டும். வேகமாக நகரும் எதுவும் அதற்கு விரட்ட வேண்டிய பொருள்தான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாய் குரைத்தாலும் குரைக்காவிட்டாலும் வண்டி கடந்து போய்விடும். ஆனால் தான் பாய்ந்ததால்தான் அது ஓடியது என்று நாய்க்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் ஜெயித்த மாதிரி. அதனால் 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்று நெரிசலான ரோட்டிலேயே நடத்திக்கொண்டிருந்தால் பழக்கம் முற்றத்தான் செய்யும். நான் இரண்டு மாதம் அதைத்தான் செய்தேன்.

அப்புறம் ஒரு பயிற்சியாளரை அழைத்தோம். கழுத்தை இறுக்கும் சங்கிலியைப் போட்டு, பாயும்போதெல்லாம் சுண்டி இழுக்கச் சொன்னார். முதல் சில நாள் அடங்கியது போலத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் ஆட்டோ சத்தம் கேட்டாலே வாலை ஒடுக்கிக்கொண்டு உறும ஆரம்பித்தாள். ஆட்டோ வந்தால் கழுத்து வலிக்கும் என்று அவளுக்குப் பதிந்துவிட்டது. இருமலும் சேர்ந்துகொண்டது. கால்நடை மருத்துவர் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "சங்கிலியைக் கழற்றுங்க." அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

கழுத்துக்குப் பதிலாக உடம்பைச் சுற்றிப் போடும் பட்டையான ஹார்னஸில், கயிறு மாட்டும் வளையம் நெஞ்சுப் பக்கம் உள்ளதாக ஒன்று வாங்கினேன். நாய் முன்னால் இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் நம்மை நோக்கித் திரும்பிவிடும், முழு வேகத்தில் பாய முடியாது. ஆனால் ஹார்னஸ் எதையும் கற்றுக்கொடுக்காது. கற்றுக்கொள்ளும் வரை நம்மையும் நாயையும் காப்பாற்றும், அவ்வளவுதான்.

உண்மையான மருந்து தூரம். வண்டியைப் பார்க்க வேண்டும், காது நிமிர வேண்டும், ஆனால் கையில் இருக்கும் தீனியைத் தின்னும் நிதானமும் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பொன்னிக்கு அது சுமார் 40 மீட்டர். வண்டியூர் கண்மாய்ப் பக்கம், ரோடு தள்ளித் தெரியும் ஓரிடத்தில் காலை ஐந்தரைக்குப் போய் நிற்போம். வண்டி கண்ணில் பட்டதும் "சரி" என்று ஒரே தொனியில் சொல்லி, வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. வண்டி மறைந்ததும் தீனி நின்றுவிடும். வரிசை மாறக் கூடாது: முதலில் வண்டி, பிறகுதான் தீனி. முதலில் தீனியைக் காட்டினால், தீனிப் பையே வண்டி வருவதற்கான எச்சரிக்கை ஆகிவிடும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நான் நின்றதில்லை.

மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு கார் போனது. பொன்னி அதைப் பார்த்தாள், நான் வாய் திறக்கும் முன்பே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிலிருந்து 30 மீட்டர், 20 மீட்டர் என்று கிட்ட வந்தோம். கூடவே "வா, திரும்பு" என்ற சொல்லை வீட்டுக் கூடத்திலும் மொட்டை மாடியிலும் பழக்கினேன். தெருவில் திடீரென்று லாரி வந்தால் பின்னால் திரும்பி நடக்க அது ஒன்றே போதும். நடுவில் பல நாள் ஒரு முன்னேற்றமும் இல்லை. அம்மா ஒரு நாள் கூட வந்தவர், "வண்டி தூரத்துல வரும்போதே நீ ஏண்டா கயித்த இழுத்துப் பிடிக்கிற? அவ அதுக்கப்புறம்தான் விறைக்கிறா" என்றார். உண்மைதான். என் கை இறுகுவதே அவளுக்கு அபாயச் செய்தியாக இருந்திருக்கிறது. கயிறு தொய்வாகத் தொங்கும்படி பிடிக்க எனக்குத்தான் ஒரு மாதப் பயிற்சி தேவைப்பட்டது.

ஐப்பசி மழையில் பின்னடைவு வந்தது. ஈர ரோட்டில் டயர் எழுப்பும் சத்தமே வேறு. ஹெட்லைட்டும் அப்படித்தான், இருட்டில் பழக்குவதைத் தனிப் பாடமாகவே எடுக்க வேண்டியிருந்தது. தீபாவளியை ஒட்டிப் பத்து நாள் ரோட்டுப் பக்கமே போகவில்லை. வெடிச் சத்தத்தில் நடுங்கிய நாய்க்கு மறுநாள் ஒரு ஸ்கூட்டரைக்கூடத் தாங்க முடிவதில்லை.

ஹார்னஸைப் பற்றி: சிப்பிப்பாறைக்கு ஆழமான நெஞ்சு, மெல்லிய தோல், குட்டை முடி. நைலான் பட்டை உரசி முன்னங்கால் இடுக்கில் முடி கொட்டிவிட்டது. தையல்காரரிடம் கொடுத்துப் பருத்தித் துணி வைத்துத் தைத்தேன், சரியாயிற்று. தலை குறுகலாக இருப்பதால் பின்வாங்கி உருவிக்கொள்ளவும் இந்த இனத்துக்கு எளிது. அதனால் கழுத்துப் பட்டையையும் ஹார்னஸையும் ஒரு சிறு கொக்கியால் சேர்த்துவிடுவேன். பதினோராவது மாதம் பிளாஸ்டிக் பக்கிள் வெயிலில் விரிசல் விட்டது. இப்போது இரும்புப் பக்கிள் உள்ளதைப் போட்டிருக்கிறாள். இழுத்தால் நீளும் தானியங்கிக் கயிற்றை ரோட்டோரத்தில் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது கார், ஆட்டோ, மினி பஸ் எல்லாம் ஐந்து மீட்டரில் கடந்தாலும் கயிறு தொய்வாகவே இருக்கிறது. சைலன்சரைக் கழற்றிய பைக் மட்டும் இன்னும் முடியவில்லை. எங்கள் தெருமுனை மெக்கானிக் கடைக்கு எதிரே 25 மீட்டர் தள்ளி, போன திங்கள்கிழமை முதல் அந்தப் பாடத்தைத் தொடங்கியிருக்கிறோம்.