ஆறு வரியா, பத்து வரியா: பிரவுசரின் மூலநிரலை எங்கே தேடுவது?

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். சொற்கள் நீளமானவை, கைபேசித் திரையில் கடைசி வரியில் ஒரே ஒரு சொல் அநாதையாகத் தொங்கும். அதற்கு மருந்தாக வந்ததுதான் இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் ‘டெக்ஸ்ட்-ராப்: பேலன்ஸ்’. வரிகளை ஏறக்குறைய ஒரே நீளத்துக்குப் பங்கிட்டுவிடும். குரோம் 114, ஃபயர்ஃபாக்ஸ் 121, சஃபாரி 17.5 தொடங்கி இது இருக்கிறது. ஆனால் எட்டு வரிக்கு ஓடும் ஒரு மேற்கோளுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் பங்கிடும்; குரோம் கண்டுகொள்ளாது. ஏன் என்ற இந்த ஒற்றைக் கேள்வியை வைத்தே தேடுமிடங்களை உரசிப் பார்க்கலாம்.

முதலில் ஆவணங்கள். ‘எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது’ என்பதற்கு, பிரவுசர் ஆதரவைப் பட்டியலிடும் ‘கேன் ஐ யூஸ்’ தளம் போல வேகமாகப் பதில் சொல்ல வேறு ஆளில்லை. அதன் பச்சைக் கட்டங்களை மட்டும் பார்த்தால் எட்டு வரிச் சிக்கல் தெரியவராது. இணைய நுட்பங்களுக்கான ஆவணத் தளமான எம்டிஎன் ஒரு படி மேலே: குரோமியத்தில் (குரோமின் திறந்த மூலநிரல் வடிவம்) ஆறு வரி வரை, ஃபயர்ஃபாக்ஸில் பத்து வரி வரை என்று எண்ணோடு எழுதியிருக்கிறது. இரண்டு தளங்களிலும் ஒரே தகவல் இருந்தால் உறுதியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2019 முதல் ‘கேன் ஐ யூஸ்’ எம்டிஎன்னின் தரவையும் எடுத்துக் காட்டுகிறது. பல பக்கங்களில் நீங்கள் பார்ப்பது ஒரே சாட்சியை இரண்டு முறை.

பலரும் திறக்காமல் விடும் விதிமுறை ஆவணத்தில்தான் எனக்குச் சுவையான வரி கிடைத்தது. பத்து வரிக்கு மேல் போனால் பிரவுசர் பங்கிடாமல் விடலாம் என்கிறது சிஎஸ்எஸ் டெக்ஸ்ட் நான்காம் நிலை. ஃபயர்ஃபாக்ஸ் அந்த எல்லையிலேயே நிற்கிறது. குரோம் அதற்கு முன்பே கையை விரித்துவிடுகிறது. சரி, இந்த எண் மாற்றக்கூடியதா? அதற்கு மூலநிரலுக்குள் இறங்க வேண்டும்.

இறங்கியதும் ஒரு பொறி. ‘பேலன்ஸ்’ என்று தேடினால், செய்தித்தாளில்போல அருகருகே நிற்கும் பத்திகளின் உயரத்தைச் சமன்செய்யும் ‘காலம்-ஃபில்’ சம்பந்தப்பட்ட நிரல் வந்து குவியும். பிரவுசர் உலகில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பழைய பொருள். இங்கேதான் வெறும் எழுத்தைத் தேடும் கருவியும் பொருளறிந்து தேடும் கருவியும் பிரிகின்றன.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் முதல் வகை. எல்லோருக்கும் பழகிய இடம், எழுத்து வடிவத்தை விவரித்துத் தேடும் ரெகெக்ஸ் உண்டு. ஆனால் உள்நுழைந்தால்தான் நிரலைத் தேட விடும், முதன்மைக் கிளையை மட்டுமே பார்க்கும், 350 கிலோபைட்டைத் தாண்டிய கோப்புகளைச் சேர்க்காது. பிரவுசர் நிரலில் அவ்வளவு பெரிய கோப்பு அபூர்வமல்ல. தேடியது கிடைக்கவில்லை என்றால் ‘இல்லை’ என்று முடிவுகட்ட அங்கே வழியில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. 2022இல் கிட்ஹப்புக்குக் குடிவந்த, சஃபாரியின் இயந்திரமான வெப்கிட்டைத் தேட மட்டும் நான் இதைத் திறக்கிறேன்.

குரோமியம் கோட் சர்ச் இரண்டாம் வகை. கைத் என்ற அமைப்பு பின்னால் இருந்து, எந்தப் பெயர் எங்கே அறிவிக்கப்பட்டது, யார் அழைக்கிறார்கள் என்று கோத்து வைத்திருக்கிறது. வரி மடிப்புக்கான ‘கே-பேலன்ஸ்’ மீது ஒரு சொடுக்கு. கீழே விரியும் பட்டியலில் பத்திச் சமாசாரம் எதுவும் இராது. அங்கிருந்து போனால் ‘கே-மேக்ஸ்-லைன்ஸ்-ஃபார்-பேலன்ஸ்’ என்ற மாறிலி. ஆறு என்பது நிரலிலேயே பதிந்த எண். பயனர் தொட முடியாது.

ஃபயர்ஃபாக்ஸ் பக்கம் சர்ச்ஃபாக்ஸ். என் கை முதலில் போவது இதற்குத்தான். விடைகளை வரையறை, பயன்பாடு, சோதனைக் கோப்பு, வெறும் எழுத்துப் பொருத்தம் என்று பிரித்தே தரும். இடது ஓரப் பட்டையில் சுட்டியை வைத்தால் அந்த வரியை எந்த மாற்றம் கொண்டுவந்தது என்று காட்டும். சில நிமிடங்களில் விடை வந்தது: பத்து என்பது இங்கே ‘ஸ்டேட்டிக்-பிரெஃப்-லிஸ்ட்’ கோப்பில் இருக்கும் ஓர் அமைப்பு. ஃபயர்ஃபாக்ஸின் உள்ளமைப்புப் பக்கமான ‘அபௌட்-கான்ஃபிக்’ போய் ‘டெக்ஸ்ட்-ராப்-பேலன்ஸ்’ என்று தேடினால் எல்லையை நீங்களே உயர்த்தலாம். உங்கள் கணினியில் மட்டும்தான், வாசகருக்கு ஒன்றும் மாறாது.

‘எல்லாவற்றையும் இறக்கிவைத்து, கணினிக் கோப்புகளில் எழுத்தைத் தேடும் ரிப்கிரெப் போட்டால் போதும்’ என்பாருக்கு ஒரு வார்த்தை. குரோமியத்தை பில்டு செய்ய, அதாவது மூலநிரலை ஓடும் மென்பொருளாகக் கட்ட, 100 ஜிபியாவது காலியிடம் வைக்கச் சொல்கிறது அவர்கள் ஆவணம். இறக்கியும், பில்டு செய்யாதவரை பாதிக் கதைதான். சிஎஸ்எஸ் பண்புகளுக்கான சி++ நிரலில் பெரும்பகுதி ‘சிஎஸ்எஸ்-பிராப்பர்ட்டீஸ்’ போன்ற ஜேசன்5 கோப்புகளிலிருந்து பில்டின்போதுதான் பிறக்கிறது. குரோமியம் கோட் சர்ச்சும் சர்ச்ஃபாக்ஸும் அப்படிப் பிறந்த கோப்புகளையும் சேர்த்தே காட்டுகின்றன. கிட்ஹப்பில் அவை கிடையாது.

ஓர் அம்சம் கொடிக்குப் பின்னால் (அதாவது அமைப்பு மாற்றினால்தான் இயங்கும்படி) ஒளிந்திருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் இவ்வளவு அலைச்சல் வேண்டாம். குரோமின் இயந்திரமான பிளிங்க்கில் ‘ரன்டைம்-எனேபிள்டு-ஃபீச்சர்ஸ்’, ஃபயர்ஃபாக்ஸில் மேலே சொன்ன ‘ஸ்டேட்டிக்-பிரெஃப்-லிஸ்ட்’, வெப்கிட்டில் ‘யூனிஃபைடு-வெப்-பிரெஃபரன்சஸ்’. இந்த மூன்று கோப்புகளையும் புக்மார்க் செய்து வைத்திருக்கிறேன்.