வைரல் பர்கரை முதல்முறை வாங்குகிறீர்களா? பெட்டியைத் திறந்ததும் சீஸின் மூலையைப் பாருங்கள்

முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று வாங்கிய பர்கர், பெட்டிக்குள் சப்பையாகி, ஒரு பக்கம் சரிந்து, வெதுவெதுப்பாகக் கிடக்கிறது. முதல்முறை சாப்பிடுகிறவர் "இது இப்படித்தான் இருக்கும்போல" என்று நினைத்து முழுங்கிவிடுவார். கடைக்காரருக்கு அது ரொம்ப வசதி. எங்கே கோட்டை விட்டார்கள் என்பதைப் பெட்டியைத் திறந்த அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

மேல் பன்னை மெதுவாகத் தூக்குங்கள். சீஸ் பேட்டியின்மேல் தளர்ந்து, ஓரத்தில் வழிந்து ஒட்டியிருக்க வேண்டும். (பேட்டி என்றால் நேர்காணல்தான் ஞாபகம் வரும், ஆனால் பன்னுக்கு நடுவே வைக்கும் தட்டையான இறைச்சி வட்டத்துக்குக் கடையில் அந்தச் சொல்தான் புழங்குகிறது.) சீஸின் நான்கு மூலையும் அட்டையை வெட்டியதுபோல விறைத்து நின்றால், அடுக்கும்போதே பேட்டி ஆறிப்போயிருந்தது என்று அர்த்தம். கல்லிலிருந்து நேராக வந்த பேட்டி என்றால் சீஸ் சீக்கிரமே குழைந்துவிடும்.

பேட்டி ஏன் ஆறுகிறது? கூட்டம் வரும் என்று தெரிந்தால் பல கடைகளில் முன்கூட்டியே சுட்டு, சூடு காக்கும் பெட்டியில் தட்டுத் தட்டாக வைத்துவிடுவார்கள். அதில் தப்பில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு டைமர் இருக்கும், நேரம் முடிந்தால் கொட்டிவிட வேண்டும். நெரிசலில் டைமரை மறுபடி அழுத்திவிட்டு அதே தட்டை ஓட்டும்போதுதான் வம்பு. அப்படிக் கிடந்த பேட்டியின் விளிம்பு கறுத்துக் காய்ந்திருக்கும், விரலால் அழுத்தினால் சாறு வராது, கடித்தால் தூள்தூளாக உதிரும். மேலே இரண்டு வகை சாஸை ஊற்றினால் இது எதுவும் தெரியாது. அதனால் முதல் தடவை போகும்போது டபுள், எக்ஸ்ட்ரா சீஸ், ஸ்பெஷல் சாஸ் எதுவும் வேண்டாம். இருப்பதிலேயே எளிமையான ஒற்றைப் பேட்டி பர்கரை வாங்குங்கள். அது நன்றாக இல்லையென்றால் அந்தக் கடையில் வேறு எதுவும் உருப்படாது.

பன்னின் வெட்டுப் பக்கம் பொன்னிறமாக வாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வறுவல்தான் சாஸும் இறைச்சிச் சாறும் பன்னுக்குள் இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. வெள்ளையாக இருந்தால் பாதி சாப்பிடுவதற்குள் அடிப் பன் கூழாகிக் கையில் பிய்ந்து வரும். மைக்ரோவேவில் சூடாக்கிய பன் வேறு மாதிரி ஏமாற்றும்: கைக்கு வரும்போது மெத்தென்று இருக்கும், ஆற ஆறத் தோல்போல இழுபடும்.

எடை விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். கால் பவுண்டு என்று போட்டிருந்தால் அது வேகாத எடை, சுமார் 113 கிராம். கொழுப்பும் நீரும் போய், சுட்ட பிறகு ஏறக்குறைய 85 கிராம் நிற்கும். இது ஏமாற்று ஆகாது.

படம்தான் ஏமாற்று. 2012-ல் மெக்டொனால்ட்ஸின் கனடா பிரிவே, விளம்பரப் படம் எப்படி எடுக்கிறார்கள் என்று ஒரு வீடியோ வெளியிட்டது. கடையில் போடும் அதே பொருட்கள்தான். ஆனால் வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி எல்லாவற்றையும் கேமரா பார்க்கும் விளிம்புக்கு நகர்த்தி வைத்து, மணிக்கணக்கில் மெனக்கெட்டு, கடைசியில் கணினியிலும் திருத்துகிறார்கள். பெட்டிக்குள் சேரும் ஆவியில் பன் கொஞ்சம் சுருங்கும் என்பதையும் அதிலேயே சொல்லிவிட்டார்கள். ஆகவே படத்தில் இருக்கும் உயரத்தை ஒப்பிட்டுப் புலம்பிப் பயனில்லை. எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்: மெனுவில் இரண்டு சீஸ் என்றால் இரண்டு இருக்கிறதா, சொன்ன காய்கள் எல்லாம் உள்ளே இருக்கிறதா? கேட்டு வாங்க முடிவது அதைத்தான்.

இப்போது எல்லோரும் தூக்கிப் பிடிப்பது ஸ்மாஷ் பர்கர். அரைத்த இறைச்சி உருண்டையைக் கல்லிலேயே நசுக்கிச் சுடுவது அது. உருண்டையைக் கொதிக்கிற கல்லில் போட்ட முதல் அரை நிமிடத்துக்குள் நன்றாக அழுத்திவிட வேண்டும். பாதி வெந்த பிறகு அழுத்தினால் சாறுதான் வெளியே ஓடும். சரியாகச் செய்தால் விளிம்பு சரிகைபோல மெல்லிசாக முறுகியிருக்கும், அதற்காகத்தான் அவ்வளவு பேச்சும். மூடிய பெட்டியில் ஐந்து, பத்து நிமிடம் இருந்தாலே அந்த முறுகல் போய்விடும். டெலிவரியில் வரவழைத்துவிட்டு ஒன்றுமே இல்லையே என்றால், குறை பர்கரில் இல்லை. கடையிலேயே நின்று சாப்பிடுங்கள், பார்சல்தான் என்றால் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள்.

ருசி போனால் காசோடு போச்சு, சரியாக வேகாததில் அப்படி இல்லை. முழு இறைச்சித் துண்டில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும். அரைத்துவிட்டால் உள்ளே முழுக்கக் கலந்துவிடும். அதனால்தான் அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ், கோழி 74 டிகிரி தொட வேண்டும் என்கிறார்கள். 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கர்களால் 700-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஈ. கோலை என்ற கிருமி தொற்றியது, 4 குழந்தைகள் இறந்தார்கள். நிறத்தை நம்ப முடியாது, வேகும் முன்பே பழுப்பாகிவிடும் இறைச்சியும் உண்டு. நடுவில் சில்லென்று இருந்தால், அல்லது கோழி கண்ணாடிபோல வழவழவென்று இருந்தால், அடுத்த வாய் வைக்காதீர்கள்.

எப்போது போவது? திறப்பு விழாக் கூட்டத்தில் வேண்டாம். பொரிகூடையில் அளவுக்கு மீறிக் கோழியைத் திணித்தால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கி, மேல் மாவு முறுகுவதற்குப் பதில் எண்ணெயைக் குடிக்கும். ஈ ஓட்டும் நேரமும் சரியில்லை, பேட்டி தட்டிலேயே காய்ந்துகொண்டிருக்கும். சாப்பாட்டு நேரக் கூட்டம் அப்போதுதான் சேர ஆரம்பிக்கும் வேளைதான் நல்லது.

"வெங்காயம் இல்லாமல் கேட்டால் புதிதாகச் செய்து தருவார்கள்" என்று ஒரு யுக்தி சுற்றுகிறது. புதிதாக அடுக்குவார்கள், அவ்வளவுதான். பேட்டி அதே தட்டிலிருந்து வரலாம். "இப்போது சுடுகிற பேட்டியில் வேண்டும், காத்திருக்கிறேன்" என்று நேராகக் கேளுங்கள். பணம் கட்டும் திரையையும் கவனியுங்கள்: பர்கர் மட்டும் கேட்டவருக்குக் காம்போ, பெரிய அளவு என்று தானாகத் தேர்வாகியிருக்கலாம். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

குறை இருந்தால் இரண்டு வாய்க்குள் நிறுத்திவிடுங்கள். பாதிக்கு மேல் தின்றுவிட்டுப் போனால் யாரும் மதிக்க மாட்டார்கள். பன்னைத் திறந்து வைத்து, பில்லும் தெரிகிற மாதிரி ஒரு படம். பிறகு கவுண்டரில் "மாற்றிக் கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் அதையே சூடாக்கி நீட்டுவார்கள். புதுப் பேட்டி, இல்லையென்றால் பணம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாற்றி வந்ததையும் திருப்பிப் பார்த்து வாங்குங்கள், நீங்கள் கடித்த இடம் எங்கேயும் தெரிகிறதா என்று.