குழு வகுப்பா, சிஸ்டரிடம் தனியாகவா: இன்சுலின் போடுபவரின் ஒப்பீடு

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து 11 வருடம் ஆகிறது. முதலில் பல வருடம் மாத்திரையில் ஓடியது, அப்புறம் இன்சுலின். ஊசி தொடங்கிய வாரமே மருத்துவமனையில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று குழு வகுப்பு: பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து உட்கார வேண்டும், இரண்டு இரண்டு மணி நேரமாக மூன்று நாள், அதோடு முடிந்தது. இன்னொன்று, நீரிழிவுக்கென்று பயிற்சி பெற்ற சிஸ்டரிடம் தனியாக அரை மணி நேரம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி. நான் முதலில் குழு வகுப்புக்குப் போனேன். ஒன்றரை வருடம் கழித்து சிஸ்டரிடம் மாறினேன். அதனால் இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் சாய்வு சிஸ்டர் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாடத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. காய்ச்சல், வாந்தி வந்த நாளில் தானாக இன்சுலினை நிறுத்தக் கூடாது, அடிக்கடி சர்க்கரை பார்க்க வேண்டும், மருத்துவரைக் கேட்க வேண்டும். திறக்காத இன்சுலின் குளிர்பெட்டியில், ஆனால் உறையக் கூடாது. விரலில் குத்துவதற்கு முன் கை கழுவ வேண்டும், இல்லையென்றால் விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறே அளவை ஏற்றிக் காட்டிவிடும். இதெல்லாம் எங்கே கேட்டாலும் ஒன்றுதான். குழுவில் நேரம் அதிகம் இருப்பதால் நிதானமாகச் சொன்னார்கள், படம் காட்டினார்கள். அந்த வகையில் குழு வகுப்பு மேல்.

குழுவுக்கு இன்னொரு பலம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் நாள் போகும்போது எனக்குள் ஒரே பயம். இன்சுலின் வந்துவிட்டால் கடைசிக் கட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பெரியவர், 12 வருடமாக ஊசி போடுகிறவர், எல்லார் முன்னாலும் சட்டையைத் தூக்கி, இன்சுலின் பேனாவைத் திருகி, பேசிக்கொண்டே போட்டு முடித்தார். பேச்சு ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. மருத்துவர் எவ்வளவோ சொல்லியும் போகாத பயம் அந்த அரை நிமிடத்தில் போனது. அதேபோல ஒரு அம்மா, “ராத்திரி தலையணை நனையுற அளவுக்கு வேர்க்குது, காலையில தலைவலி, கெட்ட கனவு வேற” என்றார். தூக்கத்தில் சர்க்கரை இறங்குவதற்கு அது அறிகுறியாக இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தனியாகப் போயிருந்தால் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியே இருக்காது.

சரி, பிறகு ஏன் மாறினேன்? கைப்பழக்கம்தான் காரணம்.

வகுப்பு முடிந்து ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அளவுகள் தாறுமாறாக ஓட ஆரம்பித்தன. ஒரு காலை 240, மறுநாள் அதே சாப்பாடு, அதே ஊசி, 62. மருத்துவர் இன்சுலின் யூனிட்டை ஏற்றினார். அப்போதும் அடங்கவில்லை. வீட்டில் எல்லோரும் என் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டார்கள், நானும் என்னையே சந்தேகப்பட்டேன். கடைசியில் மருத்துவர், “சிஸ்டரை ஒருதடவை பாருங்க” என்று அனுப்பினார்.

சிஸ்டர் என் நோட்டைப் புரட்டவில்லை. “எங்க போடுறீங்க, காட்டுங்க சார்” என்றார். வயிற்றைக் காட்டினேன். விரல் நுனிகளை வைத்துத் தொப்புளுக்கு இரண்டு பக்கமும் மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு என் விரலை எடுத்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் ரப்பர் அழிப்பான் மாதிரி ஒரு தடிப்பு, இடது பக்கம் பெரிதாக, வலது பக்கம் கொஞ்சம் சின்னதாக. கண்ணால் பார்த்தால் லேசான மேடு, அவ்வளவுதான். தினமும் குளிக்கும்போது கை படுகிற இடம், ஒருநாளும் கவனித்ததில்லை.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் அங்கே கொழுப்பு தடித்துவிடும். அந்தத் தடிப்பில் போடும் இன்சுலின் ஒருநாள் மெதுவாக உறிஞ்சப்படும், ஒருநாள் வேகமாக. அதனால்தான் 240-ம் 62-ம். அங்கே போட்டால் வலி குறைவாக இருக்கும் என்பதால் கை தானாக அந்த இடத்துக்கே போகும். ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் குறைந்தது ஒரு விரல் அகலம் இடைவெளி வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கேட்டால் அன்றைக்கும் சரியாக ஒப்பித்திருப்பேன். கைதான் மறந்துவிட்டது.

அடுத்து, “இப்ப என் முன்னாடி ஒரு ஊசி போடுங்க” என்றார். போட்டேன். நான்கு தப்பு எடுத்தார். என்னுடையது கலங்கலாக இருக்கும் கலவை இன்சுலின். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகக் கவிழ்க்க வேண்டும், நான் இரண்டு ஆட்டு ஆட்டினேன். போடுவதற்கு முன் 2 யூனிட் வைத்து, பேனாவை நிமிர்த்திப் பிடித்து அழுத்தி, முனையில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும், பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் ஊசியை உருவிவிட்டேன், முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. “அந்தச் சொட்டும் உங்க மருந்துதான் சார். பத்து வரைக்கும் எண்ணிட்டு எடுங்க” என்றார். நான்காவது, ஒரே ஊசியை ஒரு வாரம் வைத்திருந்தேன். ஒருமுறை குத்தியதும் முனை மழுங்கத் தொடங்கிவிடும், தடிப்பு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குழு வகுப்பிலும் நாங்கள் போட்டுப் பார்த்தோம், ஸ்பாஞ்சில், ஆளுக்கு ஒருமுறை. அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அவரவர் வீட்டில் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க அந்த அமைப்பில் ஆளே இல்லை. இரண்டு வழிகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இது என் ஒருவனின் கதை மட்டும் இல்லை என்பதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. நீரிழிவுக் கல்வி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் ஓர் அலசல் வெளியானது. பாடம் முடிந்த கையோடு எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 0.76 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. ஒன்று முதல் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பலன் 0.26-ஆகச் சுருங்கியிருந்தது. சொல்லித்தரும் மொத்த நேரம் கூடக் கூடப் பலனும் கூடியது. பிரிட்டனில் டெஸ்மண்ட் என்ற ஆறு மணி நேரக் குழுப் பாடம் உண்டு, புதிதாக இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவர்களுக்கு. அதில் சேர்ந்தவர்களின் எடை ஒரு வருடத்தில் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தது, நோயைப் பற்றிய புரிதலும் கூடியது. மூன்று வருடம் கழித்து, புரிதலில் கொஞ்சம் தங்கியிருந்தது, உடல் அளவுகளில் வித்தியாசம் தெரியவில்லை. குழு வகுப்பு மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மறுபடி மறுபடி பார்க்க ஆள் வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சிஸ்டரிடம் போவதில் இன்னும் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்தது. எதைச் சொல்லிக்கொடுத்தாலும் கடைசியில், “இப்ப நான்தான் நோயாளி, எனக்குச் சொல்லிக் குடுங்க” என்பார். புரிந்ததா என்று கேட்டால் நாம் எல்லோரும் தலையாட்டிவிடுவோம், இப்படிக் கேட்டால் முடியாது. என் மனைவியையும் ஒருமுறை அப்படிச் சொல்லவைத்தார். சர்க்கரை இறங்கி நான் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாவது, பாதம். வகுப்பில் புண்ணின் படம் காட்டினார்கள். சிஸ்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்துக்கு வளையும் நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, “தெரியும்போது சொல்லுங்க” என்றார். வலது கட்டைவிரலுக்குக் கீழே தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. கண்ணைத் திறந்தபோது இழை அங்கே வளைந்து நின்றது. அதற்குப் பிறகு ஒருநாளும் வெறுங்காலோடு நடக்கவில்லை.

தனி அமர்வின் குறையையும் சொல்ல வேண்டும். எல்லாம் அந்தச் சிஸ்டரைப் பொறுத்தது. நடுவில் ஒருமுறை அவர் விடுப்பில் இருந்தபோது வந்த வேறொருவர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார், வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அப்படி நடந்தால் குழு வகுப்பே மேல். கூட்டத்தில் கிடைக்கும் தைரியமும் இங்கே கிடைக்காது, நோயோடு நீங்களும் அவரும் மட்டும்தான்.

மாத்திரையில் மட்டும் இருப்பவர்களுக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் குழுவே போதுமானதாக இருக்கலாம், என் அனுபவம் அங்கே மெல்லியது. முதல் வகை நீரிழிவு வேறு கணக்கு. அவர்களுக்காக ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் உருவான ஐந்து நாள் குழுப் பயிற்சியைத்தான் பிரிட்டன் டாஃப்னே என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. சாப்பாட்டின் மாவுச்சத்தை எண்ணி இன்சுலினைக் கணக்கிடும் பயிற்சி அது, நல்ல பலன் தந்திருக்கிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

உங்கள் பக்கத்தில் குழு வகுப்பு மட்டும்தான் இருக்கிறதென்றால் தயங்காமல் சேருங்கள். ஆனால் சேரும் அன்றே, மூன்று மாதம் கழித்து ஊசி போடுவதை யாராவது பார்ப்பார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், அடுத்து மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பேனாவைக் கையோடு கொண்டுபோய், அங்கிருக்கும் எந்தச் சிஸ்டரிடமாவது, “நான் போடுறதைக் கொஞ்சம் பாருங்க, வயித்தையும் தடவிப் பாருங்க” என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒரு எச்சரிக்கை: தடிப்பு இருப்பது தெரிந்தால் மறுநாளே பழைய அளவை நல்ல இடத்தில் போட்டுவிடாதீர்கள். அங்கே இன்சுலின் முழுதாக உறிஞ்சப்படும், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். எனக்கு சிஸ்டர் முதலில் மருத்துவரிடம் பேசி யூனிட்டைக் குறைத்த பிறகுதான் இடம் மாற்றச் சொன்னார். முதல் இரண்டு வாரம் தினமும் நான்கு முறை சர்க்கரை பார்க்கவும் சொன்னார்.

என் நோட்டின் பின்னட்டையில் அவர் வரைந்து கொடுத்த வயிறு இருக்கிறது, நான்கு கட்டமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு கட்டம் என்று எண் போட்டது. ஐந்து மாதம் ஆகிறது. வலது பக்கத் தடிப்பு கைக்குத் தட்டுப்படவில்லை. இடது பக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் மெத்தென்று ஆகிவிட்டது. அங்கே இன்னும் சில மாதம் ஊசி படக் கூடாது என்று அந்தக் கட்டத்தில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்.