கொம்பை அளக்கும் மூன்று பதிவேடுகள்: எது தேறும், எது தேறாது

கொம்பு, தந்தம் போன்றவற்றை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ள விலங்கைச் சுடுபவர்கள் டிராஃபி வேட்டைக்காரர்கள். அவர்கள் மதிக்கும் சாதனைப் பதிவேடுகளில் முக்கியமானவை மூன்று. விலங்குகளைப் பாடம் செய்து கொடுத்த லண்டன்காரர் ரோலண்ட் வார்டு 1892-இல் தொடங்கிய பட்டியல் ஒன்று. அமெரிக்காவின் பூன் அண்ட் கிராக்கெட் கிளப் 1932-இல் முதலில் வெளியிட்டது இரண்டாவது. சஃபாரி கிளப் இன்டர்நேஷனல், சுருக்கமாக எஸ்.சி.ஐ., 1978 முதல் வெளியிடுவது மூன்றாவது. வனவிலங்குப் பாதுகாப்புக்கு உதவுகிறோம் என்று மூன்றுமே சொல்லிக்கொள்கின்றன. அது உண்மையா என்பதே இங்கே கேள்வி. அச்சும் அட்டையும் எப்படி இருந்தால் என்ன.

அளவை முறையில் பூன் அண்ட் கிராக்கெட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெள்ளைவால் மானின் கொம்பை எடுத்துக்கொள்வோம். முதலில் 60 நாள் சாதாரண அறைக்காற்றில் உலர வேண்டும். ஈரம் வற்றும்போது கொம்பு சுருங்கும் என்பதால் இந்த விதி. பிறகு அங்கீகாரம் பெற்ற அளவையாளர் எஃகு நாடாவால் எட்டில் ஒரு அங்குலம் வரை அளப்பார். இருபக்க முதன்மைத் தண்டின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், பக்கத்துக்கு நான்கு இடங்களில் சுற்றளவு, தண்டுகளுக்கு இடையிலான உள் அகலம் எல்லாம் கூட்டப்படும். அகலத்துக்குக் கொடுக்கும் புள்ளி நீளமான தண்டின் அளவைத் தாண்டக்கூடாது. வழக்கமான வடிவில் கிளைத்த கொம்புகளுக்கான ‘டிப்பிக்கல்’ வகையில் இட வலக் கிளைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் கழிக்கப்படும். மொத்தம் 170 வந்தால்தான் நிரந்தரப் பட்டியலில் இடம். மண்டையோட்டுத் தகடு பிளந்திருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஏனெனில் அதை விரித்து ஒட்டி அகலத்தைக் கூட்டிவிட முடியும். தப்ப முடியாத வேலிக்குள் சுட்ட விலங்குக்கும் இடமில்லை.

தாறுமாறாகக் கிளைத்த கொம்புகளுக்கான ‘நான்-டிப்பிக்கல்’ வகையில் முதலிடத்தில் இருக்கும் 333 7/8 புள்ளிக் கொம்பு யாரும் சுட்டதல்ல. 1981-இல் மிசூரி மாநிலத்தில் செத்துக் கிடந்த மானுடையது. சுட்டவரைவிட விலங்கை முன்னால் வைக்கும் பதிவேடு இது என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

தரவாகவும் இது பயன்பட்டிருக்கிறது. 22,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 2013-இல் வெளிவந்த ஆய்வு, ஒரு நூற்றாண்டில் கொம்பளவு பல வகைகளில் சற்றே குறைந்திருப்பதைக் காட்டியது. சரிவு சராசரியாக இரண்டு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆனால் அந்த எண்ணை நம்பி நிம்மதி அடைந்துவிடக் கூடாது. குறைந்தபட்சப் புள்ளியைத் தொடாத கொம்பு எதுவும் பட்டியலுக்குள்ளேயே வராது. காட்டில் கொம்பு சிறுத்தால் பதிவுகளின் எண்ணிக்கைதான் முதலில் குறையும். உள்ளே வந்தவற்றின் சராசரி அவ்வளவாக அசையாது.

பட்டியலுக்கு வெளியே, காட்டில் நடப்பது என்ன என்பதற்குக் கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் ராம் மலை சாட்சி. அங்கே கொம்பு முழு வட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு வளைந்த பிக்ஹார்ன் என்னும் காட்டுச் செம்மறிக் கடாவைச் சுட அரசு விதி அனுமதித்தது. வேகமாகக் கொம்பு வளரும் கடா நான்கு வயதிலேயே அந்த அளவைத் தொட்டுவிடும். அது கூடுதலாக இனம் பெருக்குவதோ ஆறு, ஏழு வயதுக்குப் பிறகு. பெருங்கொம்புப் பரம்பரை தழைக்கும் முன்பே கழிக்கப்பட்டது. சுமார் 30 ஆண்டுத் தரவில் கொம்பளவும் உடல் எடையும் இறங்கியதை 2003-இல் நேச்சர் இதழ்க் கட்டுரை காட்டியது. அது அரசு வகுத்த விதி, பதிவேட்டின் குற்றமல்ல. ஆனால் கொம்பின் அளவை மட்டும் பார்ப்பது இரண்டுக்கும் பொது. கிழட்டுக் கடாவின் கொம்பு நுனி தேய்ந்தும் உடைந்தும் போயிருக்கும், அதனால் நீளப் புள்ளி குறையும். விட்டுவைக்க வேண்டிய நடுவயதுக் கடாவே நாடாவுக்கு அழகாகத் தெரியும்.

ரோலண்ட் வார்டில் இந்தக் கோளாறு இன்னும் பச்சையாகத் தெரியும். கேப் எருமைக்கு வெகுகாலம் 42 அங்குல வெளி அகலமே பட்டியலில் ஏறும் வாசலாக இருந்தது. எருமைக் கடாவின் நெற்றியில் இரு கொம்பும் கூடும் தடித்த பகுதி எட்டு வயதை ஒட்டித்தான் முழுதும் இறுகும். அதற்கு முன்பே அகலம் முழுமையாக வந்துவிடும். நெற்றி இன்னும் மெத்தென்றிருக்கும் ஆறு வயதுக் கடா 42-ஐத் தாண்டும். மந்தையை விட்டு ஒதுங்கிச் சேற்றில் கிடக்கும் கிழக்கடா, நுனி தேய்ந்து 38-இல் நிற்கும். சுட்டாலும் மந்தைக்கு நட்டமில்லாதது அந்தக் கிழக்கடா. பட்டியலில் ஏறுவது மற்றது.

யானைக்குக் கணக்கே வேறு. தந்தம் சாகும்வரை வளரும். முப்பத்தைந்து வயதைக் கடந்த ஆண்களே பெரும்பாலும் இனப்பெருக்கத்தில் முந்துகின்றன. அதனால் இங்கே முதிர்ந்ததைச் சுடுவதும் சரியல்ல. ரோலண்ட் வார்டின் வாசல் ஒரு தந்தத்துக்கு 80 பவுண்டு; வேட்டைக்காரர் வாயில் அடிபடும் எண் 100. 2023 செப்டம்பரிலிருந்து சில மாதங்களுக்குள் கென்யாவின் அம்போசெலி யானைக் கூட்டத்தின் ஐந்து ஆண்கள் தான்சானிய எல்லைக்குள் சுடப்பட்டன. அவற்றில் குறைந்தது இரண்டு அந்த நூறு பவுண்டு வகை.

எஸ்.சி.ஐ. பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. உலர்த்தும் காலம் கிடையாது, சமச்சீரின்மைக்குக் கழிவும் கிடையாது. புள்ளியைவிடப் பெரிய சிக்கல் அதன் விருது அடுக்கு: வெண்கலம், வெள்ளி, தங்கம், ‘ஆப்பிரிக்காவின் பெரிய ஐந்து’ என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லா விருதையும் உச்சப் படியில் வாங்க 322 வகை விலங்குகளைக் கொல்ல வேண்டும் என்பது எதிர்ப்பாளர்கள் போட்டுக் காட்டிய கணக்கு. சீட்டு சேர்ப்பதுபோல் இனம் சேர்க்க வைக்கும் ஏற்பாடு இது. அரிய இனத்துக்கு விலை ஏறுவது இதில் தானாக நடக்கும். கூண்டில் வளர்த்த சிங்கத்தைப் பட்டியலில் ஏற்பதில்லை என்ற முடிவு 2018-இல்தான் வந்தது.

ஆதரவாளர்கள் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு பாகிஸ்தானின் மார்க்கோர் காட்டாடு. 1980-களில் தோர்கர் மலையில் உள்ளூர்ப் பழங்குடியினர் காவலில் தொடங்கிய திட்டத்தால் ஆடு மீண்டது உண்மை. அனுமதிக் கட்டணத்தில் 80 சதவீதம் ஊருக்குப் போகிறது. ஆனால் அந்த வேலையைச் செய்தவை சொற்ப ஒதுக்கீடும் காவலும் பணப் பங்கீடும். பதிவேடு அங்குலத்துக்கு ஆசை காட்டி ஏலத்தொகையை ஏற்றியிருக்கலாம், அவ்வளவே.

அளவில் ஏமாற்று புதிதல்ல. பிரிட்டிஷ் இந்தியாவில் புலியை மூக்கிலும் வால்நுனியிலும் முளை அடித்து நேர்க்கோட்டில் அளப்பது ஒரு முறை. முதுகு வளைவை ஒட்டி நாடா ஓட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் அதே புலி சில அங்குலம் நீளும். வைஸ்ராய் சுட்ட புலிக்கு 11 அங்குல அடிக்கோல் என்ற பழைய கேலி சும்மா பிறக்கவில்லை. நீலகிரி வரையாடும் ரோலண்ட் வார்டின் பழைய பட்டியலில் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இங்கே அந்த வழி அடைபட்டது.

ஆய்வாளருக்கு பூன் அண்ட் கிராக்கெட் தேறும், குறைந்தபட்சப் புள்ளியின் சாய்வை நினைவில் வைத்துப் படித்தால். ரோலண்ட் வார்டை வரலாற்றுக்காக வைத்துக்கொள்ளலாம். எஸ்.சி.ஐ. வேண்டாம். பிக்ஹார்னின் வயது கொம்பு வளையத்திலேயே தெரியும், மானுக்குப் பல்லை அறுத்துப் பார்த்தால் தெரியும். நாடா பிடிக்கும் அதே மேசையில் அதையும் எண்ணிப் புள்ளியில் சேர்க்கலாம். மூன்றில் எதிலும் கொம்பின் புள்ளிக்கூட்டலில் வயதுக்கு இடமில்லை.