நல்லூர் மணலும் சீனி வருத்தமும்: யாழ்ப்பாணத்தில் ஒரு சத்திரசிகிச்சை விடுமுறை

லண்டனில் இருக்கும் எங்களில் பலர் ஓகஸ்டில் ஊருக்குப் போவது நல்லூர்த் திருவிழாவுக்காக. நானும் அந்தக் காலத்தில்தான் போனேன், ஆனால் வேலை செய்ய. நான் இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணன். திருவிழா 25 நாள். கோயில் வீதியில் செருப்பில்லாமல் நடப்பவர்களில், சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) காலில் உணர்ச்சி போனவர்களும் இருக்கிறார்கள். மணல் சுடுவது அவர்களுக்குத் தெரியாது. கொப்புளம் போட்டு, உடைந்து, மணக்கத் தொடங்கிய பிறகுதான் வைத்தியசாலைக்கு வருவார்கள். அந்த நேரத்தில் இன்னொருவர் நின்றால் உதவி என்று குடாநாட்டின் ஆதார வைத்தியசாலை ஒன்றில் இருக்கும் நண்பர் கேட்டார். சரி என்றேன்.

இப்படிப் போக நினைக்கும் வைத்தியர்கள் கடிதங்களில் முதலில் கவனம் வையுங்கள். நீங்கள் ஊரில் பிறந்தவராக இருக்கலாம், முப்பது வருட அனுபவமும் இருக்கலாம். அங்கே பதிவு இல்லாதவர் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு எடுக்காமல் நோயாளியைத் தொடக் கூடாது. இங்குள்ள மருத்துவ சபையின் நற்சான்று, அங்குள்ள வைத்தியசாலையின் அழைப்புக் கடிதம் எல்லாம் சேர மாதக்கணக்கில் ஆகும். டிக்கெட் போடுவதற்கு முன்பே தொடங்குங்கள். கருவிகள், மருந்துகள் கொண்டுபோவதென்றால் அதற்கும் சுகாதார அமைச்சின் அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

பயணம் இப்போது சுலபம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேரே விமானம் இருக்கிறது. பெட்டி அதிகமென்றால் கட்டுநாயக்காவில் இறங்கி, கொழும்பு வெள்ளவத்தையில் இரவு பஸ் எடுப்பது நல்லது. ஏ9 வீதி வழியாக விடியும்போது யாழ்ப்பாணம் வந்துவிடும்.

கிளினிக் நாளில் ஆறு மணிக்கெல்லாம் வாங்குகள் நிரம்பிவிடும். முதல் பஸ்ஸில் வந்தவர்கள், கையில் கிளினிக் கொப்பி, பையில் தண்ணீர்ப் போத்தல். பரிசோதனைக்கோ மருந்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ யாரிடமும் ஒரு சதம் கேட்பதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது, வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அதற்குப் பிறகும் இந்தச் சேவை இலவசமாக நடக்கிறது. இதை வெளியில் இருக்கும் நாங்கள் போதிய அளவு மதிப்பதில்லை என்றே எனக்குப் படுகிறது.

தோட்டம் செய்யும் ஐயா ஒருவர் வந்தார். பெருவிரலின் அடியில் புண், மேலே காய்ந்த மஞ்சள் பற்று. எப்போது குத்தியது, என்ன குத்தியது என்று தெரியாது. பாயில் இரத்தக் கறையைக் கண்டது மகள்.

"ஐயா, கண்ணை மூடுங்கோ. நான் தொடுகிற நேரம் ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். உணர்ச்சி பார்க்கும் நைலோன் நூலை உள்ளங்காலில் வைத்து, அது வளையும் வரை அழுத்தினேன். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நூல் அது. முன்பாதம், மற்ற விரல்கள், குதிக்கால் என்று ஒவ்வோர் இடமாக வைத்தேன். ஐயா கண்ணை மூடியபடி பொறுமையாக இருந்தார். கடைசியில், "இன்னும் தொடேல்லையோ டொக்டர்?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற மகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா.

புறங்காலில் நாடியும் பிடிபடவில்லை. இந்த நோயில் இரத்தக்குழாய்ச் சுவரில் கல்சியம் படிந்து இறுகிவிடுவதால், கணுக்காலில் அளக்கும் இரத்த அழுத்தம் உள்ளதை விடக் கூட்டிக் காட்டும். அதனால் கால்விரலில் அளப்பதற்கென்றே ஒரு சின்னப் பட்டி உண்டு. அது அங்கே இல்லை. பெரிய யந்திரங்களுக்குக் காசு சேர்க்கும் எங்கள் சங்கங்களின் பட்டியலிலும் நான் அதைக் கண்டதில்லை.

ஐயாவின் பெருவிரலை எடுக்க வேண்டி வந்தது, பாதம் தப்பியது. தியேட்டரில் நான் செய்தவற்றை அங்குள்ளவர்களும் எனக்குக் குறையாமல் செய்வார்கள். காலைக் காப்பாற்றும் வேலை பெரும்பாலும் மருந்து கட்டும் அறையில்தான் நடக்கிறது. அங்கே ஒரு மிஸ்ஸி (தாதி) இருக்கிறா. செத்த தோலைச் சீவி எடுத்து, புண்ணைக் கழுவிக் கட்டி, அப்புறம் பழைய பாட்டாச் செருப்பு ஒன்றை எடுத்து, புண் படும் இடத்துக்கு நேரே வெட்டிவிட்டு, சுற்றிவரத் தடித்த றப்பர் ஒட்டிக் கொடுக்கிறா. நடந்தாலும் பாரம் புண்ணில் விழாது. பெரிய வைத்தியசாலைகளில் தனிப் பிரிவு வைத்துச் செய்யும் வேலை இது. அவ விடுமுறையில் போனால் அந்த இடத்துக்கு ஆள் இல்லை என்பதுதான் என் பெரிய கவலை.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததோடு நிற்கவில்லை. மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, உள்ளூர் இளைஞர்களைத் தமிழிலேயே படிப்பித்து வைத்தியர்களாக்கினார். 1873இல் அவர் திரும்பிப் போன பிறகும் அவர்கள் ஊர்களில் வேலை செய்தார்கள். வந்து போகும் வைத்தியர் ஒருவர் செய்யக்கூடியதில் இதுதான் பெரிது என்று நினைக்கிறேன். அதனால் பின்னேரங்களில் தியேட்டர் வேலையைக் குறைத்துக்கொண்டு, இளம் தாதியரை மிஸ்ஸியின் மேசையில் நிற்க வைத்தோம். கற்றுக்கொடுத்தது மிஸ்ஸி. இரத்த ஓட்டம் பார்ப்பது மட்டும் என் பங்கு.

எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. பிந்தி வந்த சிலருக்கு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது. புண் ஆறியதும் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போவார்கள். போர்க்காலத்தில் மிதிவெடியில் கால் இழந்தவர்களுக்குக் கால் செய்து கொடுத்த அதே நிலையம்.

உதவ விரும்புபவர்கள் தயவுசெய்து மருந்துப் பெட்டிகளைக் கட்டி அனுப்ப வேண்டாம். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஒரு வருடமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எங்கள் பெட்டிகளில் பாதி அதற்குள் வராது. அங்குள்ள நிபுணரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். விரல் பட்டி, மெத்தென்ற றப்பர் செருப்பு, ஒரு தாதியின் பயிற்சிச் செலவு என்றுதான் சொல்வார்.

அடுத்த வருடம் கொடியேற்றத்துக்கு முன்பே போகிறேன். கோயிலுக்குப் போக இருப்பவர்களின் கால்களை முன்கூட்டியே பார்த்துவிட மிஸ்ஸியும் நண்பரும் ஒரு சனிக்கிழமைக் கிளினிக் ஒழுங்கு செய்கிறார்கள். அம்மா அப்பாவோடு திருவிழாவுக்குப் போகிறவர்கள் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஆளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.