மூணு நாள் திருமண தயாரிப்பு வகுப்பு: 5க்கு 3 ஸ்டார்

இந்த சர்டிபிகேட் இல்லாம ஓலை (பூசையில படிக்கிற கல்யாண அறிவிப்பு) வாசிக்க மாட்டோம்னு எங்க கத்தோலிக்க பங்குல சொல்லிட்டாங்க, அதனால போன மாசம் நானும் நான் கட்டிக்கப் போறவரும் லீவு போட்டு போய்ட்டு வந்தோம். எந்த சென்டர்னு போடல, வேண்டாம், கல்யாணம் முடியட்டும்.

சாப்பாடு சூப்பர், ரெண்டாம் நாள் மீன் குழம்பு எங்க அம்மா வைக்கிற மாதிரியே இருந்துச்சு. ஹால்ல தான் ஃபேன் போடுற சத்தத்துல பின்னாடி உக்காந்தா ஒண்ணும் கேக்காது. பண விஷயம், மாமியார் விஷயம் பேசின வக்கீல் அம்மா செம, அவங்க கிளாஸ்ல ஒருத்தர் கூட தூங்கல.

இயற்கை முறை குடும்பக் கட்டுப்பாடு கிளாஸ் எடுத்தது ஒரு சிஸ்டர். பில்லிங்ஸ் முறை, அதாவது பொண்ணோட கர்ப்பப்பை வாயில சுரக்கிற திரவம் எப்படி இருக்குன்னு தினமும் பார்த்து சார்ட்ல குறிக்கிறது. ஒரு கிண்ணத்துல முட்டை வெள்ளைக்கருவ ஊத்தி ரெண்டு விரலுக்கு நடுவுல நூல் மாதிரி இழுத்து காட்டினாங்க, அந்தத் திரவம் இப்படி இருந்தா கரு தங்குற நாள்னு. பசங்க பக்கம் ஒரே சிரிப்பு, சிஸ்டர் முகத்துல ஒரு சலனமும் இல்ல. டவுட் கேட்டா பொறுமையா சொன்னாங்க, அதுக்கு முழு மார்க்.

பிரச்சனை அதுக்கு அடுத்த செஷன்ல தான். எங்க அக்காவுக்கு ரெண்டு சிசேரியன், பிபி வேற, இன்னொன்னு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அவளுக்கு மாதவிடாயும் ஒழுங்கா வராது, அப்ப இந்த சார்ட்டை நம்பி எப்படி இருக்கறதுன்னு எழுந்து கேட்டேன். கிளாஸ் எடுத்த இளம் ஃபாதர் "1968லயே போப் ஆறாம் பவுல் சுற்றுமடல்ல தெளிவா சொல்லிட்டார், அடுத்த கேள்வி"ன்னுட்டார். அவ்ளோதான்! செயற்கை கருத்தடை கூடாதுங்கறது தான் அந்த மடல். அந்த மடல் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வத்திக்கான் போட்ட கமிஷன்ல பெரும்பாலானவங்க அந்தத் தடைய மாத்தலாம்னு தான் சொன்னாங்க, போப் அதை ஏத்துக்கல, அந்தக் கதையாவது சொல்லியிருக்கலாம். மடல் வந்த கொஞ்ச நாள்லயே கனடா ஆயர்கள் வின்னிபெக்ல கூடி, உண்மையா முயற்சி பண்ணியும் ஏத்துக்க முடியாதவங்க தங்களுக்கு சரின்னு படுற வழிய நேர்மையா எடுத்தா அது நல்ல மனசாட்சியோட எடுத்த முடிவு தான்னு எழுதினாங்க. இதெல்லாம் வீட்டுக்கு வந்து நானே தேடி படிச்சது.

சாயங்காலம் டீ டைம்ல ஒரு ரிட்டயர்டு ஃபாதர், பாவசங்கீர்த்தனம் கேக்க வந்தவர், என்னை கூப்பிட்டு உக்கார வச்சார். கேள்வி அவர் காதுல விழுந்திருக்கு. இங்கிலாந்துக்காரர் கார்டினல் நியூமன் 1875ல எழுதினத சொன்னார், விருந்துல மதத்துக்காக குடிக்கச் சொன்னா போப்புக்காக குடிப்பேன், ஆனா முதல்ல மனசாட்சிக்கு, அப்புறம் தான் போப்புக்குன்னு, சொல்லிட்டு டீ கிளாஸைத் தூக்கி காட்டினார் பாருங்க, எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அந்த நியூமனை 2019ல புனிதரா அறிவிச்சது இதே திருச்சபை தான்.

ஆனா மனுஷன் எனக்கு லைசென்ஸ் குடுக்கல. திருச்சபை போதனைகளைத் தொகுத்த மறைக்கல்வி புத்தகத்துல 1790ம் எண் படிம்மான்னார். உறுதியான மனசாட்சி சொல்றதுக்கு எப்பவும் கீழ்ப்படியணும்னும் இருக்கு, அடுத்த வரியிலயே மனசாட்சி தெரியாமலும் தப்பு பண்ணும்னும் இருக்கு. "முதல்ல திருச்சபை ஏன் வேண்டாம்னு சொல்லுதுன்னு உங்க அக்கா முழுசா படிக்கட்டும், ஜெபம் பண்ணட்டும், வீட்டுக்காரர்ட்ட பேசட்டும். அதுக்கப்புறமும் மனசு ஒண்ணு சொல்லுதுன்னா கடவுள் முன்னாடி பதில் சொல்லப் போறது அவதான், நான் இல்ல"ன்னார். அந்தப் பத்து நிமிஷம் தான் எனக்கு மூணு நாள் வகுப்பு.

அதை ஏன் மைக்ல சொல்ல மாட்டேங்கறாங்கன்னு தான் ரெண்டு ஸ்டார் குறைச்சேன். சொன்னா ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வளைச்சுக்குவாங்கன்னு பயம் போல, அந்த பயமும் சும்மா இல்ல, எனக்குப் பின்னாடி இருந்த பையன் மூணு நாளும் போன்ல கேம் தான் ஆடிட்டு இருந்தான்.

போறவங்க முன் வரிசையில இடம் புடிங்க, டவுட்டை எல்லாம் டீ டைமுக்கு வச்சுக்கோங்க. சர்டிபிகேட்டை வாங்கின உடனே பேர் சரியா இருக்கான்னு பாருங்க, என்னுதுல ஒரு எழுத்து விட்டுட்டாங்க, திருத்த மறுபடி ஒரு தடவை பஸ் ஏறினேன்.